ஆறு பேர் சேர்ந்தால்தான் சோறு

பாலாவிச் சந்தியில் மர்ஸூக் திறந்த ஹோட்டல் ஒரு நோன்பு மாசத்துக்கும் அடுத்த நோன்புக்கும் இடையில் முளைத்து, அதற்குள்ளேயே மறைந்தும் போனது. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே நாலு அறை. கட்டடம் மனைவி சுல்பாவின் மூத்த சகோதரர் ஜப்பாருடையது. "அடுத்த நோன்புக்குள்ள ஓடல்லயெண்டா ஃபோன் கடைக்குக் குடுத்துருவன்" என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மர்ஸூக் கலியாண வீட்டுச் சமையல்காரர். அவர் புரியாணிக்காகவே, முகம் கொடுத்துப் பேசாத சொந்தக்காரன் வீட்டுக் கலியாணத்துக்கும் ஆட்கள் போவார்கள். ஆனால் மனிசன் காலமெல்லாம் பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வந்தவர். தன் பெயர்ப் பலகைக்குக் கீழே, முன்வாசலில் ஒருநாளாவது நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை.

நின்றார். ஆனால் கலியாண வீட்டைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். ஹோட்டலிலும் சஹனில்தான் சோறு: ஒரு பெரிய தட்டம், சுற்றி ஆறு பேர். "தனியத் திண்டா பரக்கத் இல்ல" என்பார்; கூடித் தின்றால்தான் அல்லாஹ்வின் அருள் பெருகுமாம். ஆளுக்கொரு பீங்கானில் போட்டுக் கொடுக்கும் பேச்சே எடுக்கக் கூடாது. சீமெந்து லொறியோட்டி தனியாக வந்தால், இன்னும் ஐந்து பேர் சேரும்வரை வாசனை பிடித்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டியதுதான். அப்படியும் ஆள் குறைந்தால் மர்ஸூக் மாடியேறிக் கதவைத் தட்டுவார்.

"தம்பி, ஒராள் கொறயுது. கெதியா வாங்க."

"நான் இப்பதானே திண்டன் நானா!"

"பரவால்ல, சும்மா கைய வெச்சிட்டு இருங்க."

அறைக்கு வந்தவர்கள் விடிந்ததும் பெட்டியைத் தூக்கினார்கள். லொறிகளெல்லாம் எதிர்க்கடைக் கொத்துரொட்டிக்கு நின்றன. சுல்பா தலையிலடித்துக்கொண்டாள். மனிசன் அசையவில்லை.

அடுத்த நோன்புக்குத் தலைப்பிறை பார்க்கிற நாள் பகல், ஜப்பார் கடைப்பூட்டின் திறப்பை வாங்க வந்தார். வந்தவரையும் விடாமல் சஹனில் இருத்திவிட்டார் மர்ஸூக். லொறியோட்டிகள் இருவர், பஸ் கண்டக்டர், மிச்சமிருந்த ஒரே அறைக்காரர், ஜப்பார். ஐந்து பேர். ஆறாவது ஆளுக்காக மர்ஸூக் வாசலில் நின்றார். சிலாபம் பஸ் வந்தது, போனது. ஒருவரும் இறங்கவில்லை.

"நீங்களே குந்துங்களே!" என்றாள் சுல்பா கரண்டியும் கையுமாகக் குசினி வாசலிலிருந்து.

"ஆக்கினவன் சஹன்ல குந்துறல்ல."

"ஓம், குந்தமாட்டீங்க. தனியத் திண்டா பரக்கத் இல்லயெண்டு ஊருக்கெல்லாம் செல்லிப்போட்டு, கட தொறந்த நாள்லேருந்து குசினி மூலையில தனியப் பீங்கான்லதானே திண்டீங்க?"

மர்ஸூக் கலியாண வீடுகளிலும் அப்படித்தான் தின்றிருக்கிறார்; யாரும் அவரை வந்து குந்தச் சொன்னதில்லை. கையைக் கழுவிக்கொண்டு குந்தினார். ஜப்பார் கோழியைப் பிய்த்து, பெரிய துண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டார். மர்ஸூக்குக்கு வெட்கமாகவும் இருந்தது, அழவேண்டும் போல சந்தோசமாகவும் இருந்தது.

"மச்சான், புரியாணி நல்லாத்தானே ஈக்குது?"

"புரியாணில என்ன பிழை? பிழையெல்லாம் ஒங்கட மண்டையில" என்று கடைசிச் சோற்றையும் வழித்துத் தின்றுவிட்டு, ஜப்பார் திறப்புக்குக் கையை நீட்டினார்.

மர்ஸூக் கொடுத்தார். கழுவின தட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, பின்வாசல் திறந்தே கிடக்க, முன்வாசலால் வெளியே போனார்.