ஊதாத சங்கு

வெளிநாட்டு உதவியில் நாமக்கல்லுக்கு வந்த சிவப்புத் தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர் அவர். புருவம் கருகிப்போன முகம். வண்டியின் சங்கு நாலு ஊருக்குக் கேட்கும் என்பார்கள். அவர் அதைத் தொடுவதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எருமப்பட்டிக்கு அப்பால் எங்கள் ஊரில் சோளத்தட்டுப் போரில் பிடித்த தீ கூரை வீடுகளுக்குத் தாவிய பகலில், அந்த வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. அதற்குள் இரண்டு வீடுகள் சாம்பலாகியிருந்தன. கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து மூன்றாவது வீட்டை நனைத்துக்கொண்டிருந்தோம். வண்டியில் வந்தவர்கள் தீயை அடக்கிய பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“ஏனுங்க, சங்கு ஊதிட்டு வந்தா என்னங்க? வருவீங்களா மாட்டீங்களான்னே தெரியாம தவிச்சுப் போயிட்டோமுங்க.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போன வருசம் ஒரு ஊருக்கு ஊதிட்டுத்தானுங்க போனேன். சத்தம் கேட்டதும், வண்டி வந்துருச்சுன்னு எல்லாரும் குடத்தக் கீழ வெச்சுட்டு ரோட்டப் பாத்து நின்னுட்டாங்க. வண்டி அகலமுங்க, ரெண்டு வேலிக்கு நடுவுல இட்டேரித் தடத்துல சிக்கிக்கிச்சு. நாங்க ஓடிப் போறதுக்குள்ள, ஊட்டுக்குள்ள இருந்த தாயும் புள்ளையும் போயிட்டாங்க.”

பிறகு அவர் என் கையைப் பார்த்தார். நான் இன்னும் குடத்தைக் கீழே வைத்திருக்கவில்லை.