தழும்பில்லாத விரல்

அலெக்ஸாண்ட்ரியாவில் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிய பழைய மாளிகைகளுக்கு நாடி பார்ப்பதுதான் வஜீஹின் வேலை. சுவரில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு ஜிப்சத்தைக் குழைத்து ஒட்டுவார். காய்வதற்குள் ஆணியால் தேதியைக் கீறி, ஓரத்தில் தன் கட்டைவிரலைப் பதிப்பார். மூன்று மாதம் கழித்து ஒட்டு முழுசாக இருந்தால் சுவர் நகரவில்லை என்று எழுதுவார். உடைந்திருந்தால் நகர்கிறது என்று எழுதுவார். இருபத்தேழு வருஷமாக இதே பிழைப்பு. ஊரார் அவரை 'டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். அவர் பார்த்த நோயாளி ஒன்றுகூடத் தேறியதில்லை என்ற குத்தல் அதில் உண்டு.

தேற விட்டால்தானே! பட்டியலில் உள்ள வீட்டை இடிக்கக் கூடாதென்று சட்டமாம். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! தானாக விழுந்துவிட்டால் அங்கே பதினாலு மாடி கட்டலாம். அதனால் சொந்தக்காரனே கூரைக் குழாயை உடைத்துவிட்டு மழைக்காகக் காத்திருப்பான், படுபாவி.

மொஹர்ரம் பே என்ற பேட்டையில் இருந்த ஒரே ஒரு மாளிகைதான் வஜீஹுக்கு ஆறுதல். உட்கூரையெங்கும் திராட்சைக்கொத்து ஓவியம். ஆறு வருஷமாக அங்கே ஒட்டு உடைந்ததே இல்லை. மேல்மாடியில் ஒண்டியாகக் குடியிருந்தாள் இன்ஷிராஹ். எழுபது வயதுத் தையல்காரி. வாய்க்கு மட்டும் இருபது வயது.

"வாங்க டாக்டர்! நோயாளி இன்னும் சாகல. உங்களுக்குத்தான் ஏமாத்தம்," என்று புதினா டீயை நீட்டினாள்.

"உங்க வாய்க்குப் பயந்தே இது நிக்குதுக்கா," என்றபடி வஜீஹ் சுவரருகே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அவர் கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத்தழும்பு உண்டு. ஒட்டில் பதிந்திருந்ததோ அதைவிடச் சின்னக் கட்டைவிரல், தழும்பே இல்லை.

"என் விரல்ல தழும்பு இருக்கும். இதுல இல்லையே. இது யார் விரல்க்கா?"

அவள் டீத்தட்டைக் கீழே வைத்தாள். "என்னுதுதான். ஒடைஞ்சதும் சுரண்டிட்டு நானே பூசிடுவேன். ஒடைஞ்சதுன்னு நீங்க எழுதினா என்னை வெளிய தள்ளிட்டு இடிச்சுடுவாங்களே தம்பி! எதிர்வீட்டுக்கு அதைத்தானே செஞ்சீங்க?"

"எத்தனை தடவை?"

"யாரு எண்ணினா? மழைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க."

வஜீஹ் ஆணியால் ஒட்டைப் பெயர்த்தார். உள்ளே விரிசலில் அவருடைய விரலே நுழைந்தது.

அலுவலகத்துக்கு ஓடி, உடனே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் கெஞ்சினார். மேலதிகாரி அந்த வீட்டுக் கோப்பைப் புரட்டினார்.

"அசைவில்லை, அசைவில்லை, அசைவில்லை. ஆறு வருஷமா உம்ம கையெழுத்துதானேய்யா? விரிசல் நூல் மாதிரி இருந்தப்பவே சொல்லியிருந்தா முட்டு வச்சிருப்பேன். இப்போ விரல் போகுதுங்கறீரு. அப்படின்னு எழுதிக் கொடும். இன்னிக்கே காலி பண்ணச் சொல்லி உத்தரவு வரும். அப்புறம் பட்டியல்லேர்ந்து அடிச்சுட்டு இடிப்பாங்க. எழுதறீரா?"

வஜீஹ் பேனாவை எடுத்தார், வைத்தார். அவளைத் தெருவில் நிறுத்த மனம் வரவில்லை. அந்த வீட்டை இழக்கவும் மனம் வரவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வரப்போகிற புயல் மழை முடியட்டும், எழுதிவிடலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். கோழை என்று அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வருஷாவருஷம் நவம்பரில் வருகிற புயல் அன்றிரவே வந்தது. மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. நான்காம் நாள் காலை, இன்ஷிராஹ் ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போது மாளிகை மொத்தமாகச் சரிந்தது. வஜீஹ் ஓடிவந்தபோது புழுதி அடங்கவில்லை. எதிர் நடைபாதையில், சூடு ஆறாத ரொட்டிகளை மடியில் அணைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க பெயர்த்துட்டுப் போனீங்கல்ல, அன்னிக்கே நல்லா கெட்டியாப் பூசினேன் தம்பி," என்றாள். "யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு உங்க தழும்பைக்கூட ஊசியால கீறி வச்சேன்."

வஜீஹ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.