பூண்டுத் தொக்கில் மட்டன் துண்டு

போன வாரம் மதியம், தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் புதுப் பூண்டுத் தொக்கு பாட்டிலைத் திறந்தேன். ஸ்பூனில் ஏறி வந்தது... மட்டன் துண்டு!

புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் முட்டைக்குக்கூடத் தடை. மனைவி ஸ்பூனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டு நாளா இதத்தேன் பூண்டுன்னு சாப்புட்டுக்கிட்டு இருக்கீகளா?"

சத்தியமாக இல்லை! ஆனால் யார் நம்புவார்கள்? லேபிளில் பூண்டுத் தொக்கு என்று இங்கிலீஷில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேராகக் கபீர் பாயிடம் போனேன்.

பாய் என் நெடுநாள் நண்பர். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஊறுகாய் தயாரித்து, வெளியூர்களுக்குப் பார்சல் அனுப்புகிறார். ஷெட்டில் இரண்டு மேஜை — ஒன்றில் பூண்டு, இன்னொன்றில் மட்டன். மேஜைக்கு ஒரு லேபிள் பிரின்டர். இரண்டும் ஒரே மாடல், ஒரே கம்ப்யூட்டர்தான் இரண்டையும் ஓட்டுகிறது. வேலை பார்ப்பவர்கள் அவரவர் மேஜை பிரின்டரில் வருவதை எடுத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். பொடி எழுத்து இங்கிலீஷை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

பாய் பாட்டிலை முகர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லா... காலைல ஒரு பூண்டு பார்சல் போயிருச்சே சார்! சென்னைல ஒரு அம்மா. சுத்த சைவக் குடும்பம். மொத தடவையா நம்மள நம்பி வாங்குறாங்க."

கூரியர் ஆபீஸுக்குப் போன் போட்டார். பார்சல் இன்னும் கிளம்பவில்லை. அடுத்த நிமிடம் பைக்கில் கிளம்பிவிட்டார். நல்லவேளை, மற்ற பாட்டில்கள் ஷெட்டைத் தாண்டவில்லை... என் வீட்டுக்கு வந்ததைத் தவிர.

பேக்கிங்கைக் கவனிக்கும் செல்வி, சாணார்பட்டியிலிருந்து வந்து போகிறவர், கண் கலங்கி நின்றார்.

"நான் ஒண்ணுமே பண்ணல சார். ஆயுத பூஜைக்கு மிசினையெல்லாம் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சேன். அம்புட்டுத்தேன்."

"தொடைக்க வயரைக் கழட்டுனியாம்மா?" என்று கேட்டேன்.

"கழட்டாம எப்பிடி சார் தொடைக்கிறது? திரும்ப சொருகிட்டேன்ல!"

பாய் ஷெட்டில் ஆயுத பூஜையா என்று கேட்காதீர்கள். வருஷா வருஷம் பொட்டு வைப்பது செல்வி. பொரிகடலை வாங்கித் தருவது பாய்.

கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெகன் வேடசந்தூரிலிருந்து வந்தார். செத்த நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுறது லினக்ஸ்ண்ணே. உள்ள யூடெவ்னு ஒரு டீமன் ஓடிக்கிட்டே இருக்கும். டீமன்னா, கண்ணுக்குத் தெரியாம பின்னாடி வேலை பாக்குற புரோகிராம். வயரைச் சொருகுனா வந்தது யாருன்னு கவனிக்கிறது அதுதேன். நாம ஒண்ணும் சொல்லி வைக்கலைன்னா, வந்த வரிசைதேன் நம்பர். மொதல்ல சொருகுனது ஒண்ணு, அடுத்தது ரெண்டு."

ஒன்றாம் நம்பருக்குப் பூண்டு லேபிள். செல்வி முதலில் சொருகியதோ மட்டன் மேஜை பிரின்டரை!

எனக்குத் தலை சுற்றியது. ரேஷன் கடையில்கூட, க்யூவில் முன்னால் நிற்கிறார் என்பதற்காக ஒருவர் பெயரை மாற்றுவதில்லையே! சரி, தப்பு யார் மேல்? செல்வி சுத்தம் செய்தார். டீமன் தன் கடமையைச் செய்தது. பாய் பார்த்துப் பார்த்து ஒரே ஜோடியாக பிரின்டர் வாங்கினார். எல்லாரும் ஒழுங்காக வேலை பார்த்தும், என் தயிர் சாதத்துக்கு மட்டன் வந்துவிட்டதே... எப்படி? இன்னும் புரியவில்லை.

எது எதுவென்று பிரித்தறிய பிரின்டர்களில் சீரியல் நம்பர் இல்லையாம், மலிவுச் சரக்கு. அதனால் கம்ப்யூட்டரில் இந்த ஓட்டையில் சொருகினால் பூண்டு, அந்த ஓட்டையில் சொருகினால் மட்டன் என்று ஜெகன் அந்த டீமனுக்கு இரண்டு வரி ரூல் எழுதி வைத்தார். செல்வி உடனே ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் சந்தனமும் இன்னொன்றுக்குப் பக்கத்தில் குங்குமமும் வைத்து அடையாளம் செய்துவிட்டார்.

பார்சலோடு பாய் திரும்பினார். பிரித்துப் பார்த்தோம். மட்டனேதான். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நீ ஏம்மா அழுகுற? எத மொதல்ல சொருகணும்னு ஒங்கிட்ட யாரும் சொல்லலேல்ல" என்று செல்வியைத் தேற்றிவிட்டு, சென்னை அம்மாவுக்குப் போன் போட்டார். ஒரு நாள் லேட் என்று மட்டும் சொல்லுங்கள் பாய் என்று கிசுகிசுத்தேன். மனிதர் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்பும் கேட்டார். போச்சு, இனி இந்த அம்மா இவர் பக்கமே திரும்பமாட்டார் என்று நினைத்தேன்.

பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல ஒரு சின்னக் குரல்...

"பாய்... அந்த பாட்டிலையும் சேத்தே அனுப்பிடுங்களேன். லேபிள மட்டும் மாத்திடாதீங்க!"