குணநாயகம் அண்ணையின் காரை விற்றுக்கொடுத்தவள்

குணநாயகம் அண்ணை காலமாகிவிட்டார் என்று அவரது வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் தொலைபேசியில் சொன்னார். மகன் வன்கூவரிலிருந்து விமானம் ஏறிவிட்டாராம். நான் வேலைத்தளச் சாப்பாட்டு அறையில் இருந்தேன். அண்ணை எங்களோடு இருந்து சாப்பிட்ட அந்த மேசையில் அவரை அறிந்த ஒருவரும் இப்போது இல்லை. அதனால்தான் பழைய பொதியிடல் பகுதிக்காரரான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு அவரைவிட அவரது கார்தான் நினைவிருக்கும். கரும்பச்சை, இரண்டே கதவு, நீண்ட மூக்கு. எழுபதுகளில் அமெரிக்கப் பணக்காரருக்கென்று செய்தது. பனிக்காலத்தில் கராஜை விட்டு எடுக்கமாட்டார். பனி உருக வீதியில் கொட்டும் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பார். பூசைச் சாமான் மாதிரித் துடைத்து வைத்திருந்தார்.

மனைவி இறந்த பிறகு, ஒவ்வொரு வசந்தத்திலும் அதை விற்கப்போவதாக இணையத்தில் விளம்பரம் போட்டார். ஆறு வருடமாக விற்கவில்லை. எங்களுக்கு அது பெரிய பகிடி.

"என்ன அண்ணை, கார் வித்தாச்சோ?"

"பாக்க வருகினம். ஆனா ஒருத்தருக்கும் அதை வைச்சிருக்கிற பக்குவம் இல்லை."

ஒரு சனிக்கிழமை வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கார் பார்க்க ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். அண்ணை பொனற்றைத் திறந்து காட்டினார், பக்கத்தில் ஏற்றி ஒரு சுற்று ஓட்டினார், தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் கொடுத்தார். இரண்டு மணித்தியாலம் போனது. கடைசியில் விலையைக் கூட்டிச் சொல்லி அனுப்பிவிட்டார். கிழவருக்குக் கோபமே இல்லை. மூன்றாவது ரோல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும். அண்ணைக்கு வியாபாரம் தெரியாது என்று முடிவுகட்டினேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்தானே, பிறர் காரியத்தை இழுத்துப் போட்டுச் செய்யாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

போன வசந்தத்தில் விளம்பரத்தை நானே எழுதினேன். நல்ல படங்கள், நியாயமான விலை, பாதுகாப்புச் சான்றிதழ்.

"அவசரப்படாதை தங்கச்சி."

"நீங்க சும்மா இருங்கோ அண்ணை."

இரண்டாம் நாளே ஹமில்டனிலிருந்து ஒரு தம்பதி வந்து கேட்ட விலையைக் கொடுத்தார்கள். தேத்தண்ணி வேண்டாம் என்றார்கள். இங்கே கார் கைமாறினாலும் நம்பர் பிளேட் பழைய சொந்தக்காரருக்குத்தான். அதைக் கழற்றும்போது அண்ணையின் கை வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் திருப்புளியைப் பறித்து, ஒரு நிமிடத்தில் கழற்றிக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து அழைத்தார். "தங்கச்சி, போன சனியும் ஒருத்தரும் வரேல்லை."

"ஆர் வரவேணும் அண்ணை? கார்தான் வித்தாச்சே."

"ஓம், அதுதான்," என்றார்.

சனிக்கிழமைகளுக்கு ஆள் பிடிக்கத்தான் அந்த விளம்பரம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. இனி நான் வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு சனி போனேன். பிறகு ஓவர்டைம், மகளின் நடன வகுப்பு, குளிர். கார் போன பிறகும் சனிக்கிழமைகளில் அவர் கராஜ் கதவைத் திறந்துவிட்டு உள்ளே கதிரை போட்டு இருப்பாராம். கீழ்த்தளத்துக்காரர் சொன்னார்.

இரண்டாம் தடவை போய் நான் வெளிக்கிட்டபோது வாசல்வரை வந்தார். "நீ செய்த உதவியை மறக்கமாட்டன் தங்கச்சி," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அவருக்கு அது வராது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நன்றி மட்டும்தான். எனக்கு அது வேண்டாம் அண்ணை.