பிரிஜெட்டுக்கு ஒரு கையெழுத்து குறைந்தது

பேனா மூடியைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் பிரிஜெட் கேள்வி கேட்பாள். எதிரே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. “இன்னா சிஸ்டர்?” என்பார். மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி கேட்பாள்.

“போன பதினாலு நாள்ல எத்தினி நாள் எதுலயும் மனசு போகாம இருந்தீங்க?”

“தண்ணி வர்ற நாள்ல நல்லாத்தான் இருப்பேன். வராத நாள்ல யாருக்கு மனசு போகும்?”

பெங்களூர் தொம்மலூரின் பழைய ஊர்ச் சந்துகளில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். பதினாலில் பாதி ஏழு. ஏழு நாள் என்றால் படிவத்தின்படி அது மிதமான மனச்சோர்வு. பேனா கட்டத்துக்கு மேலேயே நிற்கும். “இதுக்கு எந்தக் கட்டத்துலதான் போடுவேன் நான்?” என்று மடியிலிருக்கும் காகிதத்தைப் பார்த்துக் கேட்பாள். அழுத்தி எழுதுகிறவள். எரிச்சல் ஏறிய நாட்களில் கார்பன் தாளுக்குக் கீழே இருக்கும் மூன்றாவது பிரதி கிழிந்துவிடும்.

சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவள் நர்ஸ் இல்லை. அரசாங்கப் பணத்தில் நடக்கும் மனநலத் திட்டமொன்றில் களப்பணியாளர். கோலார் தங்க வயலில் பிறந்தவள், சுரங்கத் தொழிலாளி சாமுவேலின் மகள். நாற்பத்தேழு வயது. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பாள், மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும். தொம்மலூரில் சுகாதார நிலையத்தின் பின்னறையில் செவ்வாய்தோறும் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் அவள் வீடு வீடாகப் போவாள். படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள். இங்கிலீஷில் பிறந்து கன்னடத்தில் அச்சாகி, பிரிஜெட்டின் வாயில் தமிழாகும். “யாரோ ஏசி ரூம்ல குந்திக்கினு எழுதினது. ‘உங்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள்’னு நான் யாரைக் கேக்கறது, மூணு வீட்ல பாத்திரம் தேய்க்கறவளையா?” கேட்கத்தான் செய்வாள். ஒரு கேள்வியையும் விட்டதில்லை.

2003 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பதிவேட்டில் உள்ளவர்களில் அறுபது சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தால்தான் அந்த மையம் தொடரும். தொம்மலூரில் பதிவானவர்கள் நூற்றிருபது பேர், ஆக எழுபத்திரண்டு வேண்டும். ஏட்டில் இருந்தது அறுபத்துநான்கு. ஆறு மாதம் வராதவர்களுக்கெல்லாம் ‘டிராப்-அவுட்’ என்று பெயர். அவர்கள் கணக்கில் தோல்விதான்.

“வராதவங்கள்ல பாதிப்பேர் நல்லானதாலதான் வரல,” என்றாள் பிரிஜெட். அதை நிரூபிக்கப் பழைய முகவரிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாதம் அலைந்தாள். வீடு மாறியவர்கள், பெயர் மாற்றிச் சொன்னவர்கள், கதவைத் திறக்காதவர்கள். எட்டுப் பேர் நல்லபடியாக இருந்தார்கள், கையெழுத்தும் போட்டார்கள். எழுபத்திரண்டு வந்துவிட்டது.

அதற்கு மறுநாள் இன்னொருவரைத் தேடிப் போனவள், வழி கேட்கத்தான் தனலக்ஷ்மியின் வீட்டுக்குள் நுழைந்தாள். தனலக்ஷ்மியின் அப்பா முனியப்பன் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடியபின் மகளோடு வந்து தங்கியவர். ஏட்டில் அவர் வரிசைதான் எல்லாவற்றிலும் அழகான வரிசை. இரண்டு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் மருமகன் உத்தமன் வந்து மாத்திரை வாங்கிப் போவான். “மாமா எப்படிக்கீறாரு?” என்று பிரிஜெட் கேட்பாள். “பரவால்ல சிஸ்டர்,” என்பான். அதை ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதியது பிரிஜெட்டின் கைதான்.

முனியப்பன் இருந்த அறைக்கு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது.

“நான் இன்னா செய்ய சிஸ்டர்,” என்றாள் தனலக்ஷ்மி. “விடிகாலைல சுரங்கத்துச் சங்கு ஊதிட்டான்னு எழுந்து ஷிப்ட்டுக்குப் போறாரு. ரோட்ல லாரி. ரெண்டுபேரும் வேலைக்குப் போறோம், தாழ் போடாம எப்படிப் போறது?”

“மாத்திரை?”

தனலக்ஷ்மி அலமாரியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். வாய்வரை மாத்திரைகள். “முழுங்க மாட்டேன்றாரு. வாங்கறத நிறுத்தினா நீங்க திட்டுவீங்கன்னு இவரு போய் வாங்கிக்கினு வந்துடறாரு.”

வாசலில் உட்கார்ந்து பிரிஜெட் ஷூ கயிற்றைக் கட்டினாள். முடிச்சு விழவில்லை. இரண்டு வருஷம். நாலு சந்து தள்ளி. உத்தமனைத் திட்டலாம், தனலக்ஷ்மியைத் திட்டலாம், படிவத்தைத் திட்டலாம். ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் போதும் என்ற நினைப்பு மட்டும் எந்தத் திட்டுக்கும் நகரவில்லை. அன்று சாயங்காலமே ஏட்டில் அந்த அழகான வரிசையை அடித்தாள்.

திட்டத்தின் புள்ளிவிவர அதிகாரி சாமிநாதன் மல்லேஸ்வரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். கெட்டவர் இல்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இல்லாமல் எதையும் நம்பமாட்டார், அவ்வளவுதான்.

“எழுபத்திரண்டு வந்திருந்ததே?”

“முனியப்பனை அடிச்சிட்டேன் சார்.”

“அவரை யாரு இப்போ போய்ப் பார்க்கச் சொன்னா? மாசாமாசம் மாத்திரை வாங்கிண்டு போறது ரெஜிஸ்டர்ல இருக்கு. அது போறுமே.”

“வாங்கினது மருமவன். அவரு ஒண்ணுகூட முழுங்கல.”

சாமிநாதன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “மேல இருக்கறவாளுக்கு ஒரு நம்பர் வேணும், பிரிஜெட். நம்பர் இல்லேன்னா சென்டர் இல்லை. இந்த ரூல் நான் போட்டதில்லை.”

“அப்ப காந்தாவைச் சேத்துக்குங்க.”

“டிராப்-அவுட்.”

“பொம்மசந்திராவுல கார்மென்ட்ஸ்ல தைக்கறா சார். செவ்வாக்கெழம லீவு எவன் குடுப்பான்? நல்லானதாலதான் வரல. வரலன்றதால நல்லாவலன்னு எழுதினா எப்படி?”

“கையெழுத்து கொண்டு வாங்கோ.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “படிவத்துல ஒரு கையெழுத்து இருந்தா, அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லை.”

பிரிஜெட்டுக்குப் புரிந்தது. “அவ கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது சார்,” என்றாள்.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். தொம்மலூர் மையம் ஏப்ரலோடு மூடப்பட்டது. எல்லோரையும் இரண்டு பஸ் தள்ளி இருக்கும் இன்னொரு மையத்துக்கு மாற்றினார்கள், பிரிஜெட்டையும் சேர்த்து. செவ்வாய்க்கிழமைகளில் முனியப்பனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் டிரைவரோடு சண்டை போட்டபடி அவள் அங்கே போகிறாள். மாத்திரைக்குப் பதில் இப்போது மாதம் ஒரு ஊசி. பகலில் தாழ் போடுவதில்லை. பாதித் தெருவுக்கு இன்னும் அவள்மேல் கோபம். எட்டாததா என்ன ஒரு கையெழுத்து, என்கிறார்கள். அது எட்டாத தூரத்தில் இருக்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் மூன்று பஸ் மாறி, ஓசூர் ரோட்டுப் புகையில் மூக்கைப் பொத்திக்கொண்டு, பொம்மசந்திராவில் அந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். மூன்று வருஷத்துக்கு முன் காந்தாவின் குழந்தை இறந்தே பிறந்தது. புருஷன் கொண்டுவந்து விட்டுப்போன தாய்வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள், குளிக்கவில்லை, பேசவில்லை. பிரிஜெட் வாராவாரம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். பதினோராவது வாரம் காந்தா திரும்பிப் பார்த்து, “வெயில் அடிக்குது, உள்ளாற தள்ளிக் குந்துங்க,” என்றாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அன்று பிரிஜெட் ஓரத்து வெற்றிடத்தில் எழுதிவைத்தாள்.

ஐந்தரைக்கு மணியடித்தது. கும்பலாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். காந்தா நடுவில், வாய் நிறையக் கடலையோடு எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தாள். பிரிஜெட்டைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“யாரே அது?” என்று கூட வந்தவள் கன்னடத்தில் கேட்டாள்.

“நம் தொட்டம்மா,” என்றாள் காந்தா. எங்கள் பெரியம்மா. சொல்லிவிட்டு வேகமாக இவளிடம் வந்தாள். “வீட்ல யாருக்கானா ஏதானா ஆயிடுச்சா சிஸ்டர்?”

“எல்லாம் நல்லாக்கீறாங்க. ஒரு கையெழுத்துக்கு வந்தேன்.”

மதில் ஓரமாக நின்று படிவத்தைக் கொடுத்தாள். தலைப்பிலேயே பெரிய கன்னட எழுத்தில் ‘மனநோயாளியின் தொடர் மதிப்பீடு’ என்றிருந்தது. காந்தா அதைப் படித்தாள். காகிதத்தை இரண்டாக மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

“இது எங்க போவும்?”

“ஆபீசுக்கு.”

“ஆபீசுலேர்ந்து?”

“தெரியாது,” என்றாள் பிரிஜெட். உண்மையிலேயே தெரியாது.

“இங்க யாருக்கும் தெரியாது சிஸ்டர். சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா மிஷின்ல உக்கார வெக்க மாட்டான். ஹாஸ்டல்ல பக்கத்துல படுக்க மாட்டாளுங்க.” மடித்த காகிதத்தை மறுபடி விரித்தாள். பிறகு கையை நீட்டினாள். “பேனா குடுங்க. நீங்க கேட்டா போடறேன். உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப்போறேன்?”

அதுதான் பிரிஜெட்டுக்குத் தாங்கவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டைக்கு வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள்: தொம்மலூர்க் கிழவிகள், இரண்டு பஸ், சாமிநாதன், எழுபத்தொன்று. இப்போது நீட்டிய கையைத்தான் பார்த்தாள். விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள் இருந்தன.

“வாணாம், குடு அத,” என்று காகிதத்தைப் பிடுங்கினாள். “மூணு பஸ்ஸு மாறி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“கோவமா சிஸ்டர்?”

“ஆமா, கோவம். உன் மேல இல்ல. ஒழுங்கா சாப்பிடறியா? தூங்கறியா?”

“தூங்கறேன்.”

“எத்தினி நாளு?” என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. காந்தா சிரித்தாள்.

தூரத்தில் பஸ் தெரிந்தது. தோழி பொறுமையில்லாமல் அவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தாள். பிரிஜெட் படிவத்தை இடுப்பில் செருகி முந்தானையால் மூடினாள். காந்தாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். பின்னலெல்லாம் வெள்ளை நூல் பிசிறு. “தலையா இது, தறியா?” என்று தோழிக்குக் கேட்கும்படி கடிந்துகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து ஊதிவிட்டாள். பஸ் வந்து ஹாரன் அடித்தது. இன்னும் இரண்டு பிசிறு பாக்கி இருந்தது. அதையும் எடுத்த பிறகுதான் தோளை விட்டாள்.