நெளிந்துபோன வரப்பு

சுந்தரபாண்டியபுரத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்க, அவர்களுடைய சூரியகாந்தித் தோட்டத்தை ட்ரோனில் படமெடுத்தேன்.

படங்களை ஒட்டி மேப் ஆக்க, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் முக்கால்வாசி திரும்ப வர வேண்டும். சாரல் வருவதற்குள் முடிக்க, உலகமகா மேதை நான் அதைக் கால்வாசியாக்கினேன்.

காற்றில் ஆடிய கோடிப் பூவுக்கும் ஒரே முகம். படங்களை ஒட்டிய சாஃப்ட்வேர் குழம்பி, மேப்பில் நடுவரப்பை நெளித்துவிட்டது.

“நேரா கெடந்த வரப்பு எப்படிவே எம் பக்கம் நெளியுது?” என்றார் அண்ணன்.

“அண்ணன் கேக்கது நியாயந்தான். ஓசி இடம் எனக்கு வேண்டாம். திரும்ப எடும்வே” என்றார் தம்பி.

ஆறு வருஷமாகப் பேசாத இருவரும் என்னைத் திட்டுவதில் ஒன்றாகிவிட்டார்கள்.

நாளை முக்கால்வாசிக் கணக்கிலேயே மறுபடியும் பறக்க வேண்டும்; அத்தனை படத்துக்கு என் பேட்டரி போதாது. பேட்டரி இரவல் தரும் புண்ணியவான் எவராவது உண்டா?