காயக்கால் படத்தை வரைந்தவள்

நீங்கள் கடைசியாகப் பார்த்த படக்காட்சியில் பேசிய குரல் நினைவிருக்கலாம். படங்களைச் செய்தவர் பெயர் தெரியுமா?

தீவு நாட்டுத் தலைநகரான சுவாவின் சுகாதார அலுவலகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக அந்தப் பெயரில்லாத வேலையைச் செய்தவள் அலுமிதா. வெள்ளம் வடிந்ததும், எலிச் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து கால் வெட்டுகள் வழியே எலிக்காய்ச்சல் பரவும். அதைத் தடுக்கக் கிராமக் கூடங்களில் காட்டவென்று ஒரு ஸ்லைடு தொகுப்பு செய்தாள். முதல் ஸ்லைடில், சேப்பங்கிழங்கு வயலின் சேற்றில் ஒரு வெறுங்கால், குதிகாலில் சிறு வெட்டு. கீழே ‘பூட்ஸ் போடு’ என்று இரண்டே சொற்கள். மீதியைக் குரல் சொல்லட்டும் என்று இடம் விட்டிருந்தாள்.

குரல் அதே அலுவலகத்தின் கெலேராவுடையது; அவள் பேசிப் பதிந்த ஒலிதான் ஸ்லைடுகளோடு ஓடும். ஆண்டு விழாவில் பூமாலையும் அவள் கழுத்துக்கே போனது. கூடத்தின் பின்னால் புரொஜெக்டரோடு நின்ற அலுமிதாவுக்கு வயிறு எரிந்தது.

இருவர் ஊர்களும் கேலி உறவுக்காரர்கள். எவ்வளவு திட்டினாலும் சிரிக்கத்தான் வேண்டும், அங்கே அதுதான் வழக்கம். “மால உனக்கு, மாவரைக்கிறது எனக்கா?” என்று அலுமிதா உண்மையாகவே கேட்டாள். “உங்க ஊர்க்காரங்களுக்கு அதுக்குத்தானே கை வெச்சிருக்கு” என்று கெலேரா சிரித்தாள். அவளுக்கு அது வெறும் கேலி.

அன்றே அலுமிதா கணினியில் உட்கார்ந்தாள். கெலேரா பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஸ்லைடில் எழுத்தாக ஏற்றினாள். இனி யாருக்கு அந்தக் குரல் வேண்டும்? எழுத்து பெருகப் பெருக, கால் சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் ரேவா ஆற்றங்கரைக் கிராமத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் உதடசைத்துப் படித்தார்கள். பாதி வரி படிப்பதற்குள் குரல் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருந்தது. ஒருவரும் முழுதாகப் படிக்கவுமில்லை, கேட்கவுமில்லை. முடிந்ததும் ஒரு விவசாயி, காலில் புதுக் காயத்தோடு, “நான் இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

மேலதிகாரி, குரல் எடுபடவில்லை என்று கெலேராவைக் கடிந்துகொண்டார். அலுமிதா ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் அவள் கண் அந்தக் காயத்தைவிட்டு நகரவில்லை.

திரும்பும் வழியில் வண்டியில் அவள் கெலேராவிடம் சொன்னாள்: “உன் குரல் மேல தப்பில்ல. பொறாமையில நான்தான் கெடுத்தேன்.”

“உங்க ஊர்க்காரங்க ஒழுங்கா பொறாமைகூடப் படத் தெரியாதவங்க.”

“கேலி இல்ல, கெலேரா.”

சிரிப்பு நின்றது. கெலேரா அவள் பக்கம் திரும்பி, “உன் பெயரப் போட்டா வயித்தெரிச்சல் அடங்குமா?” என்றாள்.

“தெரியல. போட்டுப் பாரு.”

மறுநாள் அலுமிதா எழுத்தையெல்லாம் அழித்துக் காலைப் பெரிதாக்கினாள். ‘படங்கள் அலுமிதா’ என்று கெலேரா கடைசியில் பேசிச் சேர்த்தாள். மொத்தம் மூன்று வினாடி. நேரமில்லை என்று மேலதிகாரி அதை வெட்டிவிட்டார். தொகுப்பின் தொடக்கத்தில் வரும் அவர் வாழ்த்துரை நான்கு நிமிடம், அப்படியே இருக்கிறது.

உழைத்தவர் பெயருக்கு மூன்று வினாடி தராத இடத்தில் பொறாமை முளைக்காமல் வேறென்ன முளைக்கும்? அடுத்த முறை படக்காட்சி முடிந்து விளக்கு எரிந்ததும், கைதட்டுவதற்கு முன் எழுந்து கேளுங்கள்: “படங்களைச் செய்தது யார்?” பெயர் வரும்வரை உட்காராதீர்கள்.